கழுவக்கூடாத தானியம்

பியர் குடிக்காத நான், பதினாறு வருடம் பியர் காய்ச்சக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள். முதல் பாடத்தை நானே நாசமாக்கிய கதை இது.

1. மூன்றாவது இடம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குட்மேய்ஸில், வீட்டிலேயே பியர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கிற கடை. முதலாளி ஜெராட் அண்ணை, மன்னார்க்காரர். முன்பு பியர் ஆலையில் வேலை பார்த்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதுகு நோவோடு வீட்டில் படுத்திருந்த என் கணவர் கேட்டார்:

"கசிப்புச் சாராயம் காய்ச்சிற இடத்திலயோ உமக்கு வேலை?"

"ஓம். ரெண்டு பேரும் படுத்திருந்தால் ஆர் வாடகை கட்டுறது?"

மனுசன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். எனக்கு உள்ளூரப் பயம்தான். அதற்கு முன் இரண்டு இடங்களில், ஆளை வைத்திருப்பதா என்று பார்க்கும் மூன்று மாதப் பரீட்சைக் காலம் முடியுமுன்னே என்னை நிற்பாட்டிவிட்டார்கள். எனக்கு வாய் கூடவாம்.

ஜெராட் அண்ணைக்கு மோல்ட் பியர்தான் உயிர். முளைக்க வைத்துக் காயவைத்த பார்லிதான் மோல்ட். கைப்புக்குப் போடும் ஹொப்ஸ் என்ற பூவை அவர் கிள்ளித்தான் போடுவார்.

"ஹொப்ஸ் கூடின பியரில பிழை ஒளிஞ்சு நிண்டிடும், பிள்ளை. இதில ஒளிக்க இடமில்லை. மோல்ட் சரியில்லையெண்டால் எல்லாம் போச்சு."

2. நாலு தண்ணீர்

பரீட்சைக் காலம் முடிய ஒரு கிழமை இருந்தது. சனிக்கிழமை வகுப்புக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். டார்க் மைல்ட் என்ற கறுப்புப் பியர் காய்ச்சிக் காட்ட வேண்டும். "மோல்டை நொறுக்கி எடுத்து வையும்" என்று அண்ணை முதல் நாளே சொல்லியிருந்தார்.

நொறுக்கினேன். பார்த்தால் ஒரே தூசி. கழுவாத தானியத்தை அடுப்பில் ஏற்றுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மறுநாள் விடிய வீட்டிலிருந்து அரிசி அரிக்கும் அரிக்கன்சட்டியைக் கொண்டுபோய், தண்ணீர் தெளியும்வரை நாலு தரம் கழுவி, கல் இருக்கிறதா என்று அரித்தும் பார்த்தேன். இவ்வளவு சுத்தமாக ஆர் செய்வார்கள் என்று எனக்கே என்னை நினைக்கப் பெருமை.

நான் பானையில் கொட்டி வைத்திருந்ததன் மேல் அண்ணை, வகுப்போடு கதைத்தபடியே சுடுதண்ணீரை ஊற்றி, அறுபத்தேழு பாகையில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்தார். பிறகு வடித்த தண்ணீரில் ஹைட்ரோமீட்டரை விட்டார். சீனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் கருவி அது. முப்பத்தைந்து காட்ட வேண்டியது எட்டில் நின்றது. அண்ணை கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். எட்டுத்தான்.

"செத்த மோல்டை அனுப்பியிருக்கிறான்! இனி அவன்ர சங்காத்தமே வேண்டாம்."

எட்டுப் பேருக்கும் முன்னால் மோல்ட் அனுப்புகிறவருக்குப் போன் எடுத்தார். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத மனுசனின் வியாபாரம் போகும். மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது.

"அண்ணை, போனை வையுங்கோ. நான்தான் கழுவினனான்."

"எதை?"

"மோல்டை. அரிசி மாதிரி, நாலு தண்ணியில. முதல் தண்ணி சரியான ஊத்தை அண்ணை, கஞ்சி மாதிரிக் கலங்கி வந்தது."

அண்ணை என்னைப் பார்த்தார். கழுவும் தொட்டியைப் பார்த்தார்.

"அது ஊத்தை இல்லை, பிள்ளை. அதுதான் பியர்!"

மாவும், அதைச் சீனியாக மாற்றுகிற சத்தும் தண்ணீரோடு போய்விட்டனவாம். அண்ணை வகுப்புக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். எட்டுப் பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். நான் கோட்டை மாட்டினேன்.

"எங்க போறீர்?"

"வீட்டை. இனி வரத் தேவையில்லைத்தானே?"

"வராட்டி ஆர் இந்த உமியை அள்ளுறது? கோட்டைக் கழட்டும். ரெண்டாவது மூட்டையை நொறுக்கும். தண்ணிப் பைப்புக்குக் கிட்ட மட்டும் போகாதையும்."

3. நோட்டீஸ்

திங்கட்கிழமை போனால், மோல்ட் பெட்டிக்கு மேலே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு நோட்டீஸ்: 'மோல்டைக் கழுவ வேண்டாம்.' என் மானத்தைச் சுவரில் ஒட்டிவிட்டாரே என்று இரண்டு நாள் அண்ணையோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஆராவது கழுவுவினமோ?" என்று என்னிடமே கேட்டார்கள்.

அடுத்த வருடம் மோர்டனிலிருந்து ஒரு தம்பி வெறுமையான மோல்ட் பையோடு வந்தார். "என்ன சாமான் விக்கிறியள்? பியர் பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு!" என்று கத்தினார். கத்திக்கொண்டே நோட்டீஸைப் படித்தார். சத்தம் நின்றது. அவர் சிரிக்கவில்லை.

"அக்கா... இது ஏன் எழுதியிருக்கு?"

யாரோ ஒருவருக்காக என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

"எனக்காக எழுதினது, தம்பி. நான் கழுவினனான்."

அவருக்குப் போன மூச்சுத் திரும்பி வந்தது. பையைக் கீழே வைத்தார். எங்கள் பிழையை நாங்கள் முதலில் சொன்னால்தான் வாடிக்கையாளர் தன் பிழையைச் சொல்லுவார். கடை வேலையில் நான் படித்தது அவ்வளவுதான். ஆனால் அவர் சொல்லத் தொடங்கினால், கேட்க எங்களுக்கு நெஞ்சுரம் வேண்டும்.

தம்பி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"கழுவினது மட்டுமில்லை அக்கா. உளுந்து மாதிரி ஒரு நாள் ஊறவும் போட்டு, கிரைண்டரில அரைச்சும் போட்டன்."