கரையோரத்துக் கறுப்புப் பட்டை

செயற்கைக்கோளின் ராடார் எடுக்கும் படத்தைப் பார்த்து, கடலில் காற்று எவ்வளவு என்று கணக்கிடுவது என் வேலை. பிறந்தது திருவரங்குளம் பக்கம், விவசாயக் குடும்பம். கடலோடு எனக்கிருந்த உறவெல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

காற்று அடித்துக் கடல் சொரசொரப்பானால் ராடார் அலை திரும்பி வரும். படத்தில் வெளுப்பாகத் தெரியும். தண்ணீர் வழவழப்பாக இருந்தால் கறுப்பு. கறுப்பென்றால் காற்று இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஓர் ஆடி மாதம், கணக்கைச் சரிபார்க்கக் காற்றுமானியோடு ஜெகதாப்பட்டினம் போனேன். விசைப்படகுகள் தொழிலுக்குப் போகாத நாள். பேசிவைத்திருந்த ஃபைபர் படகுக்காரர் தயங்கினார்.

"கச்சான் அடிக்குதுங்க சார். நாளைக்குப் போவமா?"

மேற்கே தரையிலிருந்து வரும் காற்றுக்கு அங்கே கச்சான் என்று பெயர். நான் போனில் அன்று காலைப் படத்தைக் காட்டினேன். கரையோரம் நெடுகக் கறுப்புப் பட்டை. அதைத் தாண்டி வெளுத்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

"கடல்ல காத்தே இல்லண்ணே" என்றேன், மெத்தப் படித்த தோரணையில். அவர் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

கரையோரம் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மானி மட்டும் விடாமல் சுற்றியது. பழுதாகிவிட்டது என்று அதைத் தட்டிப் பார்த்தேன்.

முக்கால் மணி நேரம் போனதும் அலை எழுந்து படகுக்குள் விழத் தொடங்கியது. படகைக் கரைக்குத் திருப்பினால் காற்று நேர் எதிரே.

"நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாதுண்ணே."

படகில் ஒரே ஒரு காலி பிளாஸ்டிக் கேன் இருந்தது. அதைக் கயிறு போட்டு என் இடுப்பில் கட்டினார். செத்தோம் என்றே நினைத்தேன். கரை சேரும்வரை இரண்டு மணி நேரம் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தேன்.

கரையில் சட்டையைப் பிழிந்தபடி அவரே விளக்கினார். "கரையிலேர்ந்து அடிக்கிற காத்து கிட்டக்க தண்ணிய எழுப்பாதுங்க. அங்கிட்டுப் போகப் போகத்தான் அலை கூடும்."

எனக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சும் ஏண்ணே கெளம்புனீங்க?"

"மேலேர்ந்து எடுத்த படம்னு காட்டுனீங்க. நம்ம கண்ணுதான் தப்போன்னு நெனச்சுட்டேங்க."

அலையில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அவர் குனிந்து என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.