துடுப்பு கிளப்புன சுழி

எனக்குப் படிப்பு மூணாங்கிளாஸோட முடிஞ்சுபோச்சு. வாத்தியாருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனா பரிசல் துடுப்பப் பத்திக் கேளுங்க, சொல்லுவேன். தாடிக்கொம்புப் பக்கம் எங்க ஊர்க் குளத்த மீனுக்குக் குத்தகை எடுத்தவர்கிட்ட வேலைக்குச் சேந்த புதுசுல, ஒரே பக்கமா துடுப்புப் போட்டு, செக்குமாடு கணக்கா நின்ன எடத்துலயே சுத்துனேன். ஊரே சிரிச்சுச்சு. துடுப்ப முன்னாடி எட்டி முக்கி, நம்ம பக்கமா இழுக்கணும். தண்ணி எங்க வருது, நாமதான் தண்ணிகிட்டப் போறோம். இழுத்த எடத்துல சின்னதா ஒரு சுழி கெளம்பி பின்னாடி போகும்.

அந்தச் சுழிதான் என்னையக் கெடுத்துச்சு.

தொண்ணூறுகள்ல ஒரு ஐப்பசி. குளம் நெறஞ்சு, மிச்சத் தண்ணி மறுகால் வழியா வெளிய பாஞ்சுச்சு. எருமைய ஓட்டிட்டு வர எறங்குன எங்க அத்தை மகன் கரையேறல. மறுநா காலையில நடுக்குளத்துல மெதந்தான். திண்டுக்கல்லுல இருந்து தீயணைப்பு வண்டி வந்து சேரல. அவன் மறுகால் பக்கமா நகந்துகிட்டே இருந்தான். அதுல விழுந்தா பாறையில அடிபட்டு மொகங்கூட மிஞ்சாது.

"ஏலே கோமாளி, நீ போ" ன்னாரு குத்தகைக்காரர்.

போனேன். குப்புறக் கெடந்தான். அத்தை மொகத்தப் பாக்கட்டும்னு மல்லாக்கப் புரட்டி, இடுப்புல கயிறப் போட்டுப் பரிசலுக்குப் பின்னாடி கட்டுனேன். புரட்டுனதுல வெறச்ச கை தண்ணிக்கு மேல வந்துருச்சு. அது கரையில நிக்கிறவுகளுக்கு எப்படித் தெரியும்னு எனக்குத் தோணல. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் சுழி போயி அவன மோதுது, கை ஏறி எறங்குது.

கரையில அத்தை எந்திரிச்சுட்டா. "எம்மகன் கை ஆட்டுறான். கூப்புடுறான். வெரசா வாப்பு."

கூட்டமும் சேந்து கத்துச்சு. வெரசா இழுத்தா கை இன்னும் ஆடுது. எதுக்கெடுத்தாலும் வாயாடுற எனக்கு, 'செத்துட்டான் அத்தை' ன்னு ஒரு வார்த்த வரல. துடுப்பக் கத்தி மாதிரி ஓரமா எறக்கி, பைய இழுத்து, ஓரமாவே எடுத்தேன். சுழி அடங்குச்சு. கையும் நின்னுச்சு.

"உசுரு ஊசலாடுது, இவன் ஊர்வலம் போறான் பாரு" ன்னு கரையில ஒருத்தன் வஞ்சான்.

கரையேத்துனப்ப அத்தை அவனப் பாத்தா. பெறகு என்னையப் பாத்தா. "பைய வந்தியேப்பு. கூப்புட்டானே."

இன்னிவரைக்கும் எங்கூடப் பேச்சில்ல. விசேசத்துல பந்தியில என் இலைய மட்டும் தாண்டிப் போவா, வெஞ்சனம் வைக்க மாட்டா. சுழி சமாச்சாரத்த ஒரு நாள் சொல்லிரலாம்தான். சொன்னா, அவன் கடைசியா கூப்புட்டதும் பொய்யாயிரும். அதுக்கு நான் வெறும் சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுக்கிறேன்.