ஏழாம் எண் காற்றாலை

அலுவலகத்தில் அந்த அம்மாவுக்கு 'அரையடி' என்று பட்டப்பெயர். நில அளவையராகச் சேர்ந்த முதல் வருடமே, அரையடி வித்தியாசத்துக்காக ஒரு பெரிய மனிதரின் வேலியைப் பிடுங்கி நட வைத்தவர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். அவருக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை.

ஊர் ஏரிக்குக் கிழக்கே பதினோரு காற்றாலைகள் நிறுத்த ஒரு நிறுவனம் விண்ணப்பித்தபோது, வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலை அவரிடம் வந்தது. மேசையில் விரித்ததுமே உறுத்தியது. ஏழு, எட்டு, ஒன்பதாம் எண் காற்றாலைகளுக்கான இடம் 'தரிசு' என்று குறிக்கப்பட்டிருந்தது. ஏழாம் எண் நிலம் அவருடைய கூடப்பிறந்த தம்பியுடையது. அங்கே சோளம் அறுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மறுநாள் விடியும்போதே கருவியோடு கிளம்பிவிட்டார். நான்கு நாள் நடந்தார். வரைபடத்தின்படி, லாரிகளுக்காகப் போடவிருந்த மண்சாலை வடிகாலைக் குறுக்கே அடைத்துக்கொண்டு போனது. ஒரு மழை பெய்தால் போதும், மேற்கே முப்பது பேருடைய பயிர் தண்ணீரில் நிற்கும். வலசை வந்த நாரைகளோ விடிந்ததும் ஏரியிலிருந்து எழும்பி, அந்த மூன்று இடங்களுக்கு மேலேதான் பறந்தன, விசிறி சுழலும் அதே உயரத்தில். எண்ணிப் பார்த்தார். மிகக் குறைவாக வந்த நாளிலேயே முந்நூறுக்கு மேல்.

"எல்லா இடத்துலயும் நடக்கிறதுதானேம்மா. காத்துல கரண்ட் எடுக்கிறது நல்லதுதானே? கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க," என்றார் மேலதிகாரி.

"நல்லதுதான் சார், யார் வேணாம்னா? ஆனா தரிசுன்னு எழுதின இடத்துல சோளக்கட்டை கால்ல குத்துது. குத்தின காலோட நான் எப்படி சார் கையெழுத்துப் போடுறது?"

விஷயம் தெரிந்து, அன்று மாலையே தம்பி அவர் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஊருக்கெல்லாம் அளக்குற. காத்தாலைக்கு இடம் விட்டா எனக்கு வருஷா வருஷம் வாடகை வரும். எனக்காக ஒரு தடவை கண்ணை மூடிக்கக் கூடாதாக்கா?"

"மூடிக்கலாம்டா. மழை வந்தா அந்த முப்பது பேரும் உன்னைத்தான் கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

அக்கா கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் அவன் எழுந்து போய்விட்டான். அவர் செம்பை எடுத்து உள்ளே வைத்தார். அப்புறம் உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தார்.

காற்றாலை விதியில், வீடுகளிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று இருந்தது; வயலைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ ஒரு வரி இல்லை. பொதுக்கூட்டம் வைத்து அந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு தடவை மனு திரும்பி வந்தது. மூன்றாவது தடவைதான் கூட்டம் கூடியது.

"பறவைங்க தானா வழி விலகிப் போயிடும் மேடம்," என்றார் நிறுவனத்துப் பொறியாளர்.

"உங்க லாரி இருநூறு அடி விலகிப் போறது எவ்வளவு கஷ்டம்னு நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. நாரைக்கு மட்டும் அது சுலபமா?"

மண்டபமே சிரித்தது. பொறியாளரும் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். மறுநாள் காலை அவரே வந்து, சேறு ஒட்டிய செருப்போடு வடிகால் நெடுக நடந்து பார்த்தார்.

ஐந்து மாதம் இழுத்தது. கடைசியில் ஏழும் எட்டும் ஏரியை விட்டுத் தள்ளி, உண்மையான பாறைமேட்டுக்குப் போயின. சாலைக்கு அடியில் நான்கு பெரிய குழாய்கள் பதித்தார்கள். விளைநிலத்துக்கும் நீர்நிலைக்கும் விடவேண்டிய தூரம் விதியில் ஏறியது. ஒன்பதை மட்டும் அவரால் நகர்த்த முடியவில்லை. வலசை மாதங்களில், விடிந்து இரண்டு மணி நேரம் அது சுற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு நின்றது. அவருக்கு அது இன்னும் ஆறவில்லை.

தம்பி ஒரு வருடம் பேசவில்லை. இப்போது பேசுகிறான், அளந்து அளந்து.

வலசை மாதம் பிறந்தால் அவர் அலுவலகம் போகும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, ஒன்பதாம் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார். போன வாரம் ஒருநாள் அது இருபது நிமிடம் முன்னதாகவே சுற்ற ஆரம்பித்தது. பதினோரு மணிக்குள் புகார்க் கடிதம் நிறுவனத்தின் மேசைக்குப் போய்விட்டது.