ஆத்தூர் எந்தப் பக்கம்?

நான் பிறந்த ஊர் ஆத்தூர். வாக்கப்பட்டது விருத்தாசலம். இங்கே ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறேன். அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் காலையில் சேலம் பஸ்ஸைப் பிடித்தால் போதும். தமிழ்நாட்டைப் பிரிக்க வேண்டும் என்று டிவியில் பேச்சு அடிபட்ட நாட்களில்தான், அந்த வழியில் எங்கோ ஒரு எல்லை வரலாம் என்று முதல்முறையாக யோசித்தேன்.

யாரோ வரைந்த படம் ஒன்று எல்லார் போனிலும் சுற்றியது. அதில் ஆத்தூர் ஒரு நிறம், நாங்கள் வேறு நிறம். ஆத்தூரில் இருக்கும் அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. மாநிலம் சிறிதானால் அதிகாரிகள் கிட்டத்தில் இருப்பார்கள், கேட்டது நடக்கும் என்பார். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பேச்சே ஆகாது. போனில் இருவரும் மரியாதையாகத்தான் வாதாடினார்கள்.

மகளுக்குக் காது குத்தும் நாள் வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் சீர்த்தட்டோடு முதல் ஆளாக வந்துவிட்டார். ஆசாரி வரத் தாமதமானது. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் பேச்சு மறுபடியும் அதற்கே போயிற்று. எங்கள் பக்கத்து உழைப்பில்தான் உங்கள் பக்கம் ஓடுகிறது என்பதுபோல அண்ணன் ஏதோ சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி, “போறதுன்னா போங்க. யாரு புடிச்சு வெச்சிருக்காங்க?” என்றார்.

அண்ணன் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். அடுப்படியில் இருந்த எனக்கு, அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் தெரிந்தது. மாநிலத்தைத்தான் சொன்னேன் என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டியை எடுக்கச் சொல்லி நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் அண்ணன் சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஏறினோம்.

“நான் மாநிலத்தச் சொன்னேன் மச்சான்.”

“வாசல்ல நின்னு சொன்னா வீட்டத்தான் சொன்னதா ஆவும் மாப்ள.”

டிரைவர் வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

“நீங்க ரெண்டு பேரும் எப்படி வேணாலும் பிரிச்சிக்குங்க. நான் எந்தப் பக்கம் இருக்கணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா?” என்றேன்.

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நானும் அவரும் ஆட்டோவில் வந்தோம், இவர் வண்டியில் பின்னால் வந்தார். நல்ல நேரம் தாண்டிவிட்டது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மகள் அழுதபோது அண்ணன் அவள் கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். பந்தியில் இவரே அவருக்கு இலை போட்டார்.

அதன்பிறகு டிவியில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. இருவரும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, போனில் மழையைப் பற்றியும் பிள்ளைகள் படிப்பைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு மனு கொடுக்கக் கடலூர் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய், ஒரு நாள் வேலை கெட்டுத் திரும்பி வந்தேன். மாநிலம் சின்னதாக இருந்தால் நல்லது என்று அண்ணன் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. வீட்டில் அதைச் சொல்லவில்லை.