படத்தின் முன்பக்கம்

குணம் அண்ணை, என் தம்பி ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது நீங்கள்தான். சுற்றிவளைத்துப் பேச எனக்கு வராது.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன். லண்டனில், கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு மண்டபத்தில், மாதக் கடைசிச் சனிக்கிழமையில் வளர்ந்த வெள்ளைக்காரர்கள் நிலத்தில் சப்பணமிட்டு, இனிப்புச் சூப்பிக்கொண்டு படம் பார்க்கிறார்கள். ஜப்பானில் ஒருகாலத்தில் சைக்கிளில் மரப்பெட்டி கட்டித் தெருத்தெருவாகப் பிள்ளைகளுக்குக் காட்டிய காகித நாடகம் அது. காமிஷிபாய் என்பார்கள். கதைசொல்லி பெட்டிக்குப் பின்னால் நின்று, அட்டையின் பின்பக்கத்து எழுத்தை வாசித்தபடி ஒவ்வொரு படமாக இழுப்பார். தொலைக்காட்சி வந்ததும் அங்கேயே அது படுத்துவிட்டதாம். இங்கே இவர்கள் எழுப்புகிறார்கள். அந்தக் கூட்டத்தில் சேர்ந்த ஒரே தமிழர் செவன் கிங்ஸ் பகுதியில் இருக்கும் குணம் அண்ணை. அட்டைகளுக்குப் படமும் அவரே கீறுவார்.

"உன்ர தம்பியின்ர கதையைத் தா. எங்கட சனம் படுற பாட்டை இவங்களும் அறியட்டும்" என்று என்னைக் கேட்டீர்கள், அண்ணை. தம்பி அப்போதும் கொழும்பில் ஒரு பேக்கரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்; பெயரும் இடமும் வரக்கூடாது என்றேன். "எனக்கே சொல்லித் தாறாய்? நானும் அதே பேக்கரிக்குப் பின்னால படுத்தெழும்பினவன்ரா!"

கொழும்பில் இராணுவம் சுற்றிவளைத்துத் தமிழ் இளைஞர்களைப் பிடிக்கிற காலம். யாரையாவது தேடி வந்தால், அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லத்தான் எங்கள் சனம் பழகியிருந்தது. தம்பி அடுப்படியில் சோறு தின்றுகொண்டிருக்க, அம்மா வாசலில் நின்று அவனை மறுத்ததை நான் கண்டிருக்கிறேன்.

போன மாதக் கூட்டத்தில் நீங்கள் வாசித்ததில் பிழையில்லை. பெயர் மாறியிருந்தது. தெரு வரவில்லை. ஆனால் முன்பக்கத்தில் அந்தப் பேக்கரி அப்படியே நின்றது. சிவப்புக் கதவு, சரிந்த தகரம், சந்தியில் அரசமரம். நீங்கள் சொல்லைக் காத்தீர்கள், சனம் படத்தைப் பார்த்தது. முன்பின் கண்டிராத தமிழர் ஒருவர் எழும்பினார்.

"அண்ணை, உது தெமட்டகொடைப் பேக்கரியல்லோ?"

"ஓமோம்! அச்சொட்டா இருக்கோ?" என்று சிரித்தீர்கள்.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். பேக்கரி வாசலில் ஜீப் வந்து நிற்கும் படத்தோடு நிப்பாட்டினீர்கள். எனக்காக அல்ல. பதற்றமான இடத்தில் விடுவதுதான் அந்தக் கலையின் வழக்கமாம். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரி, நான் முடிவை அறியத் துடிக்கிறேன் என்று நினைத்து என் கையில் ஓர் இனிப்பை வைத்தாள். "பொறுங்கள், அடுத்த மாதம் தெரிந்துவிடும்."

மூன்றாம் நாள் பேக்கரிக்கு டெலிபோன் எடுத்தேன். "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை." முதலாளி பட்டென்று வைத்துவிட்டார். காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னாரா? அங்கே தம்பி, இல்லாத ஆள். இங்கே அவன் பாதியில் நிற்கும் கதை. இரண்டுக்கும் நடுவில், இரைகிற ரிசீவரைப் பிடித்தபடி நான்.

உங்களிடம் கேட்டால், "கலை விளங்காதவன் நீ, சும்மா பயப்பிடாதை" என்கிறீர்கள். எனக்குக் கலை விளங்க வேண்டாம். அந்த ஆள் யார்? யார் கூட்டிவந்தது? பிறகு வேறு என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள்? வருகிற சனிக்கிழமை அடுத்த படத்தை இழுக்குமுன், எல்லாருக்கும் முன்னால், தமிழில் சொல்லுங்கள்.