முடியாதம்மா

தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். அவர் இன்னும் கை கழுவிக்கொண்டிருப்பார். விரல் இடுக்கு, நக ஓரம், மணிக்கட்டு என்று முறை வைத்துத் தேய்த்து, முழங்கை வரை வந்து, குழாயை அந்த முழங்கையாலேயே மூடுவார். கையுறை போட்டுக்கொண்டுதானே வேலை செய்தீர்கள் என்று கேட்டால், "அது எங்கயும் கிழியலைன்னு உறுதியா சொல்ல முடியாதே" என்பார். பிறகு வந்து உட்கார்ந்து, ஆடை படிந்த தேநீரை ஒரே மூச்சில் குடிப்பார். சூடான தேநீரின் ருசியே அவருக்கு மறந்துபோயிருக்கும் என்பது என் கணிப்பு.

தடயவியல் அலுவலகத்தில் கிருமிப் பிரிவு அவருடையது. எதிர் அறையில் கையெழுத்துப் பிரிவு, அது என்னுடையது. நான் பார்ப்பது கண்ணில் படுகிற சமாசாரம். அவர் பார்ப்பது கண்ணுக்கே தெரியாதது. அதனாலோ என்னவோ, எதைக் கேட்டாலும் "அப்படிச் சொல்ல முடியாது" என்றுதான் ஆரம்பிப்பார். அலுவலகம் முழுக்க அவருக்கு முடியாதம்மா என்று பெயர். அது அவருக்கும் தெரியும். ஒருமுறை தொலைபேசியை எடுத்து, "ஆமா, முடியாதம்மாதான் பேசறேன், சொல்லுங்க" என்றார்.

வீட்டிலும் இதே கதைதான். மழை வருமா என்று கணவர் கேட்டால், ஜன்னலைத் திறந்து வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "வரலாம்" என்பார். "என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்ப மட்டும் எப்படித்தான் சரின்னு பட்டுன்னு சொன்னாளோ" என்று அந்த மனுஷர் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். "அப்ப போதுமான ஆதாரம் இருந்துச்சு" என்பார் இவர், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல்.

அந்தக் கடித வழக்குக்குப் பிறகு இந்த வேடிக்கையெல்லாம் குறைந்துவிட்டது. ஓர் அலுவலகத்துக்கு வந்த கடிதத்துக்குள் யாரோ தூளை வைத்து அனுப்பியிருந்தார்கள். தபால் பிரிக்கும் வேலையில் இருந்த இளைஞன் அதைப் பிரித்தான். சில நாளில் காய்ச்சல், மூச்சுத்திணறல், அப்புறம் பையனே இல்லை. தூளில் இருந்தது ஆந்த்ராக்ஸ் கிருமி. கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பிடித்தார்கள். அவர் பொறுப்பில் இருந்த குளிர்பெட்டியிலும் அதே வகைக் கிருமி இருந்தது.

"ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்து வந்ததுன்னு ஒரு வரி போட்டுக் குடுங்க மேடம், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார் இன்ஸ்பெக்டர். கெட்டவர் இல்லை. செத்த பையனின் முகம் அவரையும் தூங்கவிடவில்லை.

"வேற வேறன்னு பிரிச்சுக் காட்ட முடியலை. அவ்வளவுதான் எழுதுவேன். இதே வகையை இன்னும் எத்தனையோ ஆய்வுக்கூடத்துல வச்சிருக்காங்க. ஒரே மாதிரி செருப்பு போட்டவங்க எல்லாம் ஒரே ஆளா சார்?"

நீதிமன்றத்திலும் அதையே சொன்னார். எப்படி மாற்றி மாற்றிக் கேட்டாலும் அதையேதான் சொன்னார். வேறு சாட்சியும் இல்லாததால் அந்த ஆளை விட்டுவிட்டார்கள். மறுநாள் பத்திரிகைகள் இவரைக் கிழித்துத் தோரணம் கட்டின. எதிர்வீட்டு அம்மாள் இவரைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: "அவன் செஞ்சிருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். ரெண்டையும் நெஞ்சுல வச்சுக்கிட்டு நான்தான் படுக்கணும்." அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நானும் சாப்பிடவில்லை.

அந்தப் பையனின் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு மத்தியானம். பார்வையாளர் அறையில் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பையன் அந்தக் கடிதத்தைப் பிரித்த அன்று போட்டிருந்த சட்டை அதற்குள் இருந்தது. கிருமிநாசினி அடிக்க வீட்டுக்கு ஆட்கள் வந்தபோது மெத்தைக்குள் திணித்து மறைத்துவிட்டாராம்.

"அவன் வாசனை இதுல மட்டும்தாம்மா இருக்கு. தினம் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுப்பேன். இப்ப அந்த ஆளை விட்டுட்டாங்க. நான் ஒளிச்சதாலதானே? இந்தாங்க, இதை வச்சாவது கண்டுபிடிங்க."

முடியாதம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அந்தக் கிருமி துணியில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். மளமளவென்று அறையைக் காலி செய்தார். அந்தம்மாவுக்கு முகமூடி கொடுத்தார், டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார். பொருளை வாங்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் நானும் முகமூடியோடு கதவோரம் நின்றேன்.

வேறு வேலையாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் தாழ்வாரத்தில் இவரை மடக்கினார். "கேஸுக்கு உதவும்னு சொல்லி வாங்கிடுங்க மேடம். பாவம், நிம்மதியா போகட்டும்."

"நாளைக்கு வந்து என்ன ஆச்சுன்னு கேப்பாங்களே. அப்ப எந்த முகத்தோட நிக்கிறது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். இவர் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, கெட்டியான பை ஒன்றை விரித்து எடுத்துக்கொண்டு போய் அந்தம்மாவுக்கு எதிரே மண்டியிட்டார்.

"அம்மா, இது இனிமே சாட்சியா நிக்காது. இவ்வளவு நாள் வீட்டுல இருந்துடுச்சு."

"அன்னிக்கே குடுத்திருந்தா?"

"அன்னிக்குக் குடுத்திருந்தாலும் இது எந்தக் கிருமின்னுதான் சொல்லும். யார் கைன்னு சொல்லாது. அது எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சதுதான். நீங்க ஒளிச்சதால எதுவும் மாறலை. அந்தப் பாரத்தை நீங்க சுமக்காதீங்க."

அந்தம்மா மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"வேண்டாம்மா. உங்களுக்கே ஆபத்து. இதை எரிச்சுத்தான் ஆகணும்."

"பாத்துட்டுத் திருப்பித் தரமாட்டீங்களா?"

"மாட்டோம்மா."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அத்தனை வருடப் பழக்கத்தில் நான் அதைக் கேட்டதில்லை. அந்தம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். இவர் கூடாது என்று தலையை மட்டும் அசைத்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்து முகமூடிக்குள் போனது. கையுறை போட்ட கையால் அதைத் துடைக்கக் கூடாது, துடைக்கவில்லை.

கடைசியில் அந்தம்மா தன் பையை அந்தக் கெட்டிப் பைக்குள் மெல்ல இறக்கினார். இறக்கினாரே தவிர, விரல்கள் அதன் முடிச்சை விடவில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடியாதம்மா இழுக்கவில்லை, விடச் சொல்லவும் இல்லை. பையின் வாயை விரித்துப் பிடித்தபடி, முழங்கால் தரையில் பதிய, அந்த விரல்கள் தாமாகத் தளரும்வரை அப்படியே இருந்தார்.