துருவேறாத் தகடும் இராக்கம்மாவும்

கொஸ்லந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஏழு வருடம் கொழுந்து எடுத்த இராக்கம்மா, ஒரு மழைக்காலத்தில் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சம்மட்டியைக் கையில் எடுத்தாள். அவள் புருஷன் முருகையா தோட்டத்துக் கொல்லன். அவனுக்குச் சம்மட்டி அடித்தவன் நமுனுகுலைப் பக்கம் போய்விட்டான். வேறு ஆள் அகப்படவில்லை. "பொம்பளை அடிச்சா இரும்பு கேக்குமா?" என்று லயத்து வீடுகளில் சிரித்தார்கள். இரும்பு கேட்டது.

1928இல் தோட்டத்துத் துரை சீமையிலிருந்து துருவேறாத எஃகுத் தகடு ஒன்றை வரவழைத்தார். கொழுந்து அரைக்கும் மேசையில் ஒட்டுகிற பசையைச் சுரண்ட ஆலையில் இருந்த இரும்புத் தகடுகள், சாறு பட்டுப்பட்டுக் கறுத்துத் துருவேறின. புதுத் தகட்டில் சுரண்டி செய்யச் சொல்லிப் பட்டறைக்கு அனுப்பினார்.

செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குச் செய்வதுபோலவே முருகையா அதைத் துண்டுகளாக வெட்டி, பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்தான். வரும்போது விறைப்பாக இருந்த தகடு இப்போது கையால் அழுத்தினாலே வளைந்தது.

"துரைக்கிட்ட என்னன்னு சொல்றது? சாமானைக் கெடுத்துட்டேன் புள்ள."

"வளைஞ்சதை நிமித்தியாவது வைக்கிறேன், இருங்க."

நெருப்பில் காட்டாமல் பச்சையாகவே பட்டடையில் வைத்துத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றது.

"இங்க பாருங்க. அடிபட்ட பக்கம் வளைய மாட்டேங்குது. அடிக்காத பக்கந்தான் துவளுது."

முருகையா வளைத்துப் பார்த்தான். உண்மைதான். சீமையிலும் அந்தத் தகட்டைச் சூடேற்றாமல், உருளைகளுக்கு நடுவே விட்டு நெருக்கித்தான் விறைப்பாக்கியிருந்தார்கள். அது இருவருக்கும் தெரியாது.

முதல் துண்டை ஆசையில் அளவுக்கு மீறி அடித்தாள்; ஓரம் வெடித்துவிட்டது. அடுத்ததில் முக்கால்வாசி அடித்ததும், "இப்ப காய்ச்சித் தோய்ங்க. கொஞ்சம் இளகட்டும், அப்பத்தான் வெடிக்காது" என்றாள். அவன் துருத்தியை மிதித்தான். இளகியதை மறுபடி பச்சையாக அடித்தாள். மூன்றாம் நாள் பளபளவென்று, கிண்ணென்று ஒலிக்கும் சுரண்டி தயாராகிவிட்டது.

ஆலையில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் அதை மேசையில் அழுத்தி இழுத்துப் பார்த்தார். கொஞ்சமும் வளையவில்லை.

"நல்லா செஞ்சிருக்கே முருகையா."

"நான் கெடுத்தேங்க. அவதான் சரி பண்ணினா."

ஹல்துமுல்லைத் தோட்டங்களிலிருந்தும் பிறகு தகடுகள் வந்தன. "இராக்கம்மா அடிச்சதா?" என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். அவள் கொழுந்து எடுக்க மலைக்குத் திரும்பிப் போகவில்லை. கொழுந்துக்காரிகள் பட்டறையைக் கடக்கையில் எட்டிப் பார்த்து, "என்னாடி, கை வலிக்கலையா?" என்பார்கள்.

"வலிக்குது, நல்லாவும் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே அடுத்த அடியை இறக்குவாள்.